வெளிவாசல் வரையாத படம்

ரயிலே வராத ஊருக்கு ரயில் வந்த சந்தோஷக் கதை போலிருக்கிறது என்று நினைத்து யாரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட வேண்டாம். ரயில் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் ஆவரங்கோட்டைக்கு அது வந்த வழி வேறு, அந்த வழியைப் போட்டவள் வேறு. அவள் ஒரு சுத்தியலைக்கூடக் கையில் தொட்டதில்லை.

ஆவரங்கோட்டைக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்து ரயில் கேட்டு மனுப் போட்டவர்கள். வடக்கே உள்ள ஊருக்கு வந்தது, தெற்கே உள்ள ஊருக்கு வந்தது, நடுவில் இவர்களுக்கு மட்டும் பேப்பே. பெண் பார்க்க வருகிறவர்கள் "உங்க ஊருக்கு டேசன் கிடையாதாமே" என்று கேட்டுவிட்டால் பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போகும். டேசன் வந்தால் கட்டலாம் என்று ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டலைச் சும்மா விட்டு வைத்திருந்தார்கள், அதில் ஆடு மேயவும் விடுவதில்லை.

அந்த ஊர் பஜாரில் உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஆபீஸ் இருந்தது, அங்கேதான் உலகம்மை வேலை பார்த்தாள். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களெல்லாம் ஒரு பழைய மொழியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த மொழியை உண்டாக்கியவர்கள் அதன் விதிகளை ஒழுங்காக எழுதி வைக்காமலே செத்துப்போனார்கள். எதற்குப் பின்னால் எது வரலாம், எதை விட்டுவிடலாம், எதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம் என்று, ஓடுகிற புரோகிராம்களைப் படித்துப் படித்துக் கண்டுபிடித்து ஒன்று விடாமல் ஆவணமாக்க வேண்டும். அதைப் படமாக வரைந்தார்கள். இடதுபக்கம் ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரு கோடு, கோட்டில் வார்த்தைப் பெட்டிகள், பிரிகிற இடத்தில் கிளை, திரும்பச் சொல்லும் இடத்தில் வளையம். இடதுபக்கம் ஏறி, எந்தக் கோட்டில் போனாலும் சரி, கடைசியில் வலதுபக்கம் இறங்கிவிட்டால் அந்த வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். பார்த்தால் தண்டவாளம் மாதிரியே இருக்கும் என்பதால் ஆபீசில் அதற்கு ரயில் படம் என்றே பேர்.

அந்த ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் வரைகிறவர் எல்லாக் கோட்டையும் வரைவார், வலதுபக்கத்து வெளிவாசலை மட்டும் வரைய மாட்டார். சரிபார்க்கிற தேவசகாயம் சார் சர்ச்சில் பாடுகிற ஏதாவது ஒரு ஞானப்பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்து, எந்த வழியில் போனாலும் வெளியே வர முடியும் என்று நிச்சயமான பிறகு, தன் கையால் அந்தக் கடைசிக் கோட்டைப் போடுவார். வரைந்தவருக்கு இல்லாத வாசலும் இருக்கிற மாதிரியே தெரியும், அதனால் அவரை வாசல் போட விடக் கூடாது என்பது சாரின் கட்சி. உலகம்மை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு வாசல்கூடத் தன் கையால் போட்டதில்லை.

பகலெல்லாம் இப்படி நேர்கோட்டில் கிடந்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே பிச்சைக்கனி இருப்பான், அவள் புருஷன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கனிக்கு ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வராது. பஞ்சர் ஆனதைச் சொல்ல ஆரம்பித்தால் கத்தரிக்காயில் நுழைந்து, யாரோ ஒரு சித்தப்பாவின் கல்யாணத்தில் சாம்பார் கொட்டின கதைக்குள் போய், பஞ்சர் ஒட்டினானா இல்லையா என்பதே தெரியாமல் தூங்கிவிடுவான். ஒரு ஆடு தன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த கதையை அவன் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்த ஆடு இன்னும் எங்கேயும் இறங்கின பாடில்லை. "அட, ஆடு என்னாச்சுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்று இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரக் கேட்பாள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் தன் தலை என்றைக்கோ காய்ந்து வெடித்திருக்கும் என்று அவளே சொல்வாள், அவ்வளவு ஆசை அவன் மேல்.

சார் வாசல் போட்டு முடித்த படங்களில் முதலாவதை அனுப்பினார்கள். கடல் தாண்டி இருந்து ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது: ஏற்கப்பட்டது. மறுநாள் விடிந்தபோது ஆவரங்கோட்டையில் தண்டவாளம் கிடந்தது. கிழக்கே உள்ள பொட்டலில் முளைத்து, பஜார் வழியாக வந்து, உலகம்மை அக்கா என்று கூப்பிடுகிற பார்வதிமுத்துவின் அடுக்களைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, மேலத் தெருவில் இரண்டாகப் பிரிந்து, திரும்ப ஒன்றாகி, பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றது. உலகம்மை வரைந்த படம், அச்சு அசல், ஒரு கிளைகூட மாறவில்லை.

ஊர் ஆச்சரியப்படவில்லை. இத்தனை வருஷம் மனுப் போட்டால் ஒரு நாள் வராமல் இருக்குமா? ஊராட்சித் தலைவர் ஆறுமுகநயினார் சூடம் கொளுத்தினார், பூசணிக்காய் உடைத்தார், மைக்கைப் பிடித்துக்கொண்டு "அதாவது, அதாவது" என்று பொழுது சாயும்வரை பேசினார். ஸ்டேஷனுக்கு யார் பேரை வைப்பது என்று மேலத் தெருவும் கீழத் தெருவும் அடித்துக்கொண்டன. பார்வதிமுத்து அடுப்பை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "நம்ம வீட்டு வழியாத்தான போகுது, வார சனங்களுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுக்கலாம்லா" என்றாள். வீட்டுக்குள் தண்டவாளம் வந்தவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் மத்தியில் மவுசு ஏறிப்போயிற்று.

வண்டிதான் வரவில்லை. சரி, வருகிறபோது வரட்டும் என்று ஜனங்கள் தண்டவாளத்தின் மேல் நடக்க ஆரம்பித்தார்கள். காலை வைத்தால் போதும், கால் தானே போகும், பிரிகிற இடத்தில் தானே பிரியும், கடைசியில் கொண்டுபோய் இறக்கிவிடும். அப்படி இறங்கினவர்கள் கொஞ்சம் நேராகி இறங்கினார்கள். நயினார் ஒரு தடவை போய் வந்தார், அடுத்த கூட்டத்தில் நாலே வாக்கியத்தில் பேச்சை முடித்தார், ஒரு "அதாவது" இல்லை, ஊரே கை தட்டியது. திக்குவாய்ப் பிள்ளைகளுக்குத் திக்கல் போயிற்று. செத்துப்போன தம்பியின் படத்தைப் பார்த்தாலே பொலபொலவென்று கண்ணீர் விடுகிற பார்வதிமுத்து, அடுக்களையிலேயே ஏறிப் பள்ளிக்கூடத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தாள், படத்தில் தூசி இருந்ததைத் துடைத்தாள், சோறு வடிக்கப் போய்விட்டாள். பேச்சும் மாறியது. இறங்கினவர்கள் பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி பேசினார்கள். அதையும் ஊர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டது.

அதன்பிறகு அனுப்பிய படங்களும் ஏற்கப்பட ஏற்கப்பட, தண்டவாளம் பெருகியது. பெண்ணழைப்பு அதன் மேல் நடந்தது, பிணமும் அதன் மேல் போயிற்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளையைத் தாய்மார்களே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். தினமும் காலையில் தண்டவாளத்து ஓரத்தில் ஏதோ உமி மாதிரி ஒன்று மெல்லிசாகக் குவிந்து கிடக்கும். அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. பார்வதிமுத்துவும் இன்னும் சில பெண்களும் வாரியலால் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்க் குளத்தில் கொட்டினார்கள். ஒரு நாள் உலகம்மை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தாள். "அதாவது… அதாவது… அதாவது…" என்று அது முனகியது.

நயினாரின் பேச்சிலிருந்து காணாமல் போன அதே அதாவது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தாங்க. அதுல மட்டும் கால வச்சிராதீங்க."

"நான் எதுக்குளா ஏறப் போறேன்? எனக்குத்தான் ஆட்டோ இருக்கே" என்றான் கனி. "இந்த ஆட்டோவ வாங்கும்போது எங்க பெரியம்மை என்ன சொன்னாவ தெரியுமா? அவ அப்பதான் பல்லு வலின்னு…" என்று ஆரம்பித்துவிட்டான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

பிறகு வந்ததுதான் கடைசிப் படமான வளையப் படம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வாக்கியத்தின் படம் அது. அழகான வட்டமாக வரைந்தாள் உலகம்மை. தேவசகாயம் சாருக்கு அந்த வாரம் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். "அனுப்ப வேண்டிய நாள் தாண்டுதம்மா, நீயே போட்டு அனுப்பிரு" என்று போனில் சொன்னார். இவளுக்குக் கை வரவில்லை. வரைந்த கை வாசல் போடுவதா? அந்த ஆபீசில் யாரும் செய்யாத காரியம். வாசல் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டாள், கடல் தாண்டி உள்ளவர்கள் பார்த்துக் கேட்பார்கள், அதற்குள் சாருக்குக் கட்டு அவிழ்த்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கையில் அனுப்பினாள். அவர்கள் எதையும் கேட்கவில்லை. ஏற்கப்பட்டது என்று மட்டும் வந்தது.

விடிந்தபோது குளத்துக் கரையைச் சுற்றி ஒரே வட்டமாகத் தண்டவாளம் கிடந்தது. உச்சிமாகாளி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த நேரம். அம்மனே தனக்குப் பாதை போட்டுக்கொண்டாள் என்று நயினார் சொன்னார், இந்த வருஷம் அம்மனைச் சுமக்கிற சப்பரம் குளத்தைச் சுற்றித்தான் வரும் என்று முடிவாயிற்று. கனி சப்பரம் தூக்குகிற ஆள். அவன் அப்பாவும் தூக்கினவர். உலகம்மை காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"அதுக்கு வெளிவாசல் கிடையாது. நான் போடல. சொன்னா கேளுங்க."

"அம்மன் கூட வாராள்லா, பெறகு என்ன பயம்? ஒரே ஒரு சுத்து. சாமிக்கு நேந்தத மாத்த முடியுமா?" என்று கனி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். சத்தியம் சாமிக்கு முன்னால் நிற்காது என்பது அவன் கணக்கு.

மேளம் முழங்க, குலவை சத்தம் கேட்க, சப்பரம் வளையத்தில் ஏறியது. முதல் சுற்றில் எல்லாரும் கும்பிட்டார்கள். இரண்டாவது சுற்றில், அம்மனுக்குப் பாதை பிடித்துப்போயிற்று என்றார்கள். பொழுது இறங்கியும் சப்பரம் நிற்கவில்லை. இறங்கப் பார்த்தவர்களுக்குக் கால் இறங்கவில்லை, ஒரு மேளக்காரரைத் தம்பிமார் பிடித்து இழுத்ததில் உள்ளங்கால் தோல்தான் உரிந்து வந்தது. கொட்டின மேளம் கொட்டினபடி, தூக்கின தோள் தூக்கினபடி, சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது, அதுதான் கொடுமை. இந்த நாட்டில் நிற்காமல் சுற்றுகிற சாமி வேறு எந்த ஊரில் இருக்கிறது? வெளியூரிலிருந்து வேன் வைத்து வந்து பார்த்தார்கள். கரையில் தேங்காய்ப் பழக்கடை முளைத்தது. தூக்குகிறவர்களின் பெண்டாட்டிமார் ஒவ்வொரு சுற்றிலும் ஓரமாக நின்று, வருகிற வாயில் ஒரு உருண்டைச் சோற்றை ஊட்டிவிட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், முகத்தைத் துடைத்தார்கள். சப்பரம் தூக்குகிறவன் பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தில் தனி மதிப்பு. மேளச் சத்தத்தில் ஊர் தூங்கப் பழகியது, எழப் பழகியது.

உலகம்மையும் சோற்றுச் சட்டியோடு நின்றாள். கனி ஒவ்வொரு சுற்று வரும்போதும், தோளில் கட்டை அழுத்த, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவான்.

"ஏளா, அந்த ஆடு இருக்குல்லா, அது ஒரு வாத்தியார் பக்கத்துல உக்காந்துது, அந்த வாத்தியாரு யாருன்னா…" என்பதற்குள் தாண்டிப் போய்விடுவான். அடுத்த சுற்றில் வாத்தியாரின் கொழுந்தியா வருவாள். அதற்கடுத்த சுற்றில் கொழுந்தியா வீட்டு முருங்கை மரம். இவள் தண்டவாளத்துக்கு வெளியே கூடவே ஓடிக் கேட்பாள். அவன் கால்பட்ட இடமெல்லாம் தண்டவாளத்துக் கட்டைகளில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் குழிக்குள் போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. வெளியே வராததனால் அவனிடமிருந்து எதுவும் உதிரவில்லை, வாசல் இருந்தால்தானே உதிரும்.

இவளுக்கு அது புரிந்தது. வாசல் போட்டால் ஆள் கிடைப்பான், அந்தப் பேச்சு போய்விடும். போடாவிட்டால் பேச்சு இருக்கும், ஆள் ஒரு நாள் சப்பரத்துக் கட்டையோடு சரிவான். "அந்த ஆட்டுக் கதைய முடிச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று ஓடிக்கொண்டே அழுதாள். முடிந்த கதை என்றால் தன்னிடம் பத்திரமாக இருக்கும், உதிர்ந்தாலும் பரவாயில்லை என்று அவளுக்கு ஒரு நப்பாசை. கனி முடிக்கத்தான் பார்த்தான், பாவம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்துவிட்டது.

தேவசகாயம் சார் கண் கட்டு அவிழ்த்து ஆபீசுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து தண்டவாளத்தின் மேல் நடந்தே வந்திருந்தார் என்பது அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மூக்கில் பாட்டு இல்லை.

"சார், வளையப் படத்துக்கு வாசல் போடணும் சார். ஆளுங்க உள்ள சுத்திக்கிட்டு இருக்காங்க. எங்க வீட்டுக்காரரும் இருக்காரு."

"ஏற்கப்பட்ட ஆவணத்தில் நாம் கை வைப்பதில்லை."

"சார், நீங்க வச்ச வழக்கம்தான் சார். நீங்க விரல் வச்சுப் பாருங்க. வெளிய வர முடியுதான்னு பாருங்க."

அவர் விரலை வைத்தார். வளையத்தில் விரல் ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்று போனது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. "பாதை தொடர்ச்சியாக இருக்கிறது. தவறு எதுவும் இல்லை" என்றார். விரலை எடுக்கவும் இல்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் அந்த விரலுக்கு அடியிலிருந்து படத்தை உருவிக்கொண்டாள். பிறகு தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் குளத்துக் கரை தெரிந்தது, உச்சி வெயிலில் சப்பரம் மெதுவாக வளைந்துகொண்டிருந்தது, முன்கட்டையில் ஒரு தலை பக்கவாட்டில் தொங்கியது. கனியின் தலைதான். உலகம்மை ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதுவரை போடாத அந்தக் கோட்டை, வளையத்திலிருந்து வலதுபக்கம் ஓரம்வரை, தன் கையாலேயே போட்டாள். போட்டு அனுப்பினாள். ஏற்கப்பட்டது என்று வந்தது.

விடியும்போது வளையத்திலிருந்து ஒரு தண்டவாளம் பிரிந்து வந்து அவள் வீட்டு வாசற்படியில் முடிந்திருந்தது. மேளம் அந்த வழியாக வந்தது, சப்பரம் வந்தது, ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, சப்பரத்தைச் சீராக இறக்கி வைத்து, வரிசையாக நின்றார்கள். ஊர் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுப் போனது. உலகம்மை கனியை உள்ளே கூட்டிவந்து, வெந்நீரில் காலைக் கழுவி, மஞ்சள் பற்றுப்போட்டாள். அவன் காலை நீட்டிக் கொடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"ஏங்க, அந்த ஆடு என்னாச்சு?"

"ஆடு ஏறியது. ஆடு இறங்கியது" என்றான் கனி. "முடிந்தது."

சோற்றுச் சட்டி, கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி, அவனிடமிருந்து உதிர்ந்ததை அள்ளச் சொளவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படிக்கட்டு ஓரம் பளிச்சென்று இருந்தது. பார்வதிமுத்து வாரியலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கன கிடந்தது எங்கக்கா? ஐயோ, இங்கன கிடந்தது எங்க?"

"குளத்தில் கொட்டிவிட்டேன்" என்றாள் பார்வதிமுத்து. "வண்டி வருகிறது. பாதை சுத்தமாக இருக்க வேண்டும்."

அப்போதுதான் அது கேட்டது. கிழக்கே, அந்தப் பொட்டலுக்கு அப்பாலிருந்து, நீளமாக ஒரு கூவல். கடைசிப் படத்துக்கும் ஏறும் வாசல், இறங்கும் வாசல் வைத்தாயிற்று, இனி வராமல் இருக்க வண்டிக்கு ஒரு காரணமும் இல்லை. ஆவரங்கோட்டை மூன்று தலைமுறையாகக் காத்திருந்த சத்தம். ஆனால் யாரும் குலவை போடவில்லை, யாரும் ஓடவில்லை, ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து தண்டவாளத்து ஓரத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். நயினார் முதலில் நின்றார்.

உலகம்மை மட்டும் குளத்துக்கு ஓடினாள். சேலையைச் சொருகிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிக் குனிந்தாள். குளம் முழுக்கப் பேச்சு. அதாவது, அதாவது என்று ஒரு பக்கம், தம்பி, என் ராசா என்று ஒரு விசும்பல், மூக்கால் பாடுகிற ஒரு ஞானப்பாட்டு, யாருடையதென்றே தெரியாத சிரிப்புகள், திக்கல்கள், வசவுகள், எல்லாம் பாசியோடு பாசியாகக் கலந்து கிடந்தன. கையால் விலக்கி விலக்கித் தேடினாள். முகம் நனைய இன்னும் குனிந்தாள். கரையோரத்துக் கோரைக்குள்ளிருந்து, மெல்லிசாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

"ஏளா, கம்பளிப்பூச்சிய விடு, நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்த ஆடு இருக்குல்லா…"

கனி கரையில் வந்து நின்றான். வேட்டியை ஒழுங்காகக் கட்டியிருந்தான், கையில் துணிப்பை இருந்தது. பின்னால் வண்டி, வரிசையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டே பஜாரைத் தாண்டி, அடுக்களைகளைத் தாண்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"உலகம்மை, வண்டி வந்துவிட்டது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். வா" என்றான்.

அவள் நிமிரவில்லை. கோரைக்குள் காதை வைத்தபடியே ஒரு கையை மட்டும் தூக்கி அவனைப் பொறுக்கச் சொன்னாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள், "எங்க வீட்டுக்காரரு கதை சொல்லிக்கிட்டு இருக்காரு."